அடுத்த வாரம் வேற கதை

அந்த டிவி அலுவலகத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளியிலிருந்து மேலே கண்ணாடி அறையில் உட்காரும் மேனேஜர் வரை எல்லாருக்கும் அவள் போன் அக்கா. மேனேஜருக்கு வயது ஐம்பத்தெட்டு, அவளுக்கு நாற்பத்தாறு. அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவளுடைய வேலை திட்டு வாங்குவது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை 'நல்ல சாவு' என்று ஒரு தொடர் ஓடியது. வாரம் ஒரு கதை, வாரம் ஒரு குடும்பம், வாரம் ஒரு கொலை. செத்தவனைப் பார்த்து அழுவதா, கொன்றவனைப் பார்த்துச் சிரிப்பதா என்று தெரியாமல் ஜனங்கள் திணறிப்போவார்கள். திரையின் அடியில் ஒரு தொலைபேசி எண் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று மணிக்குக் கதை முடியும், மூன்று ஒன்றுக்கு அவள் மேசையில் போன் அலறும்.

"உங்களுக்கெல்லாம் நல்ல சாவே வராது!" என்று ஒருவர் ஆரம்பிப்பார்.

"வாராவாரம் வருதேங்க, ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு" என்பாள் அவள். எதிர்முனையில் இருப்பவர் தன்னை அறியாமல் சிரித்துவிடுவார். பாதிக் கோபம் அங்கேயே போய்விடும்.

அந்தக் குரலுக்காகத்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். அதற்கு முன்பு பதினோரு வருடம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "நீலச் சட்டை போட்ட மூணு வயசுக் குழந்தை தரைத்தளத்தில் காத்திருக்கிறது" என்று அவள் சொன்னால் அழுகிற குழந்தை அழுகையை நிறுத்தும், தொலைத்த தாய் அப்போதுதான் அழத் தொடங்குவாள். கடை முதலாளி அந்தக் குரலைச் சில வாக்கியங்களாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டார். பிறகு பதிவு இருக்கும்போது ஆள் எதற்கு என்று அவளை அனுப்பிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் 'நல்ல சாவு' தொடரை ஒரு நாளும் பார்த்ததில்லை. அடுத்தவர் விரலில் முள் குத்தினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் அவள். கதையெல்லாம் அவளுக்குத் திட்டுகிறவர்கள் வாயிலிருந்துதான் தெரியும். முதல் ஐந்து போனுக்குள் யார் செத்தது, யார் கொன்றது, எதை வைத்துக் கொன்றது எல்லாம் வந்துவிடும். ஆறாவது ஆளிடம் பார்த்தவள் மாதிரியே பேசுவாள்.

அவள் வீட்டுக்காரர் முடிவெட்டும் கடை வைத்திருந்தார். அவர் அந்தத் தொடரின் பெரிய ரசிகர். "திங்கக்கிழமை கடையில அத பத்தித்தான் பேச்சு. ஆனா ஒண்ணு, கத்தி கழுத்துல இருக்கற வரைக்கும் ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். துண்ட உதறினப்புறம்தான் 'அந்தக் கொலைகாரன் செஞ்சது சரிதாங்க'ம்பான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒவ்வொரு போனுக்கும் அவள் ஒரு தாள் நிரப்ப வேண்டும். 'எந்தக் காட்சி?' என்று ஒரு வரி, 'என்ன சொன்னார்?' என்று நாலு வரி. கீழே இரண்டு கட்டம்: பாராட்டு, புகார். பாராட்டு என்றால் பேசினவரின் நம்பரை வாங்க வேண்டும். திரும்பக் கூப்பிட்டு, பாராட்டைப் பதிவு செய்து விளம்பரத்தில் போடுவார்கள். புகார் என்றால் நம்பர் வேண்டாம். "திட்டுறவன் நம்பர் நமக்கு எதுக்கு? திருப்பித் திட்டவா?" என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

வாடிக்கையாகக் கூப்பிடுகிறவர்கள் சிலர் இருந்தார்கள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், "ஒன்பதாவது நிமிஷத்துல பொணம் மூச்சு விடுதும்மா, குறிச்சுக்கோ" என்பார். பல் டாக்டர் ஒருவர், பல் டாக்டரே கொலைகாரனாக வந்த வாரத்திலிருந்து நோயாளிகள் யாரும் வாயைத் திறப்பதில்லை என்று மூன்று வாரம் தொடர்ந்து அழுதார். ரத்தத்தைத் துடைத்த மேசைவிரிப்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டவரும் உண்டு. மெல்லிய குரலில் ஒரு பெண் மட்டும் வாராவாரம் ஒரே கேள்வியைக் கேட்பாள்: "இது சிரிக்கறதுக்கா எடுத்தது? எங்க வீட்டுக்காரர் சிரிக்கறாரு. அதான் கேட்டேன்." பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவாள். அவளுக்கு எந்தக் கட்டத்தில் குறி போடுவது என்று அக்காவுக்குத் தெரியாது. புகார் என்றே போட்டுவந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதை, மாமியாரை ஒரு அறையில் போட்டுப் பூட்டி வைத்த மருமகளின் கதை. பூட்டியவர்கள் ஒவ்வொருவராகச் செத்து விழ, கிழவி மட்டும் உள்ளே கல்லுக்குண்டாக இருப்பாளாம். முதல் மூன்று போனிலேயே இது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தம்மாவ பூட்டி வச்சிருக்காங்களே, மனுசங்களா அவங்க?" என்றார் ஒருவர். "சோறு தண்ணி இல்லாம எத்தன நாள் இருப்பாங்க?" என்றாள் இன்னொருத்தி. கதை பார்க்கிறவர்கள் அப்படித்தான். முடிந்த கதையைக்கூட இப்போது நடப்பது போலத்தான் பேசுவார்கள்.

நாலு மணி தாண்டிப் பன்னிரண்டாவது போன் வந்தது. ஒரு பெண். மூச்சு வாங்கியது. "அம்மா, அந்தம்மாவ உள்ள வச்சுப் பூட்டிட்டாங்கம்மா. மூணு நாளாச்சு."

"ஆமாங்க, பாவந்தான். எந்தக் காட்சி உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சு?" என்று பேனாவை எடுத்தாள் அக்கா.

"ஜன்னல் வழியா பச்சை வாளி இறக்குவாங்கம்மா. நேத்து வரைக்கும் இறங்குச்சு, ஏறுச்சு. இன்னைக்குக் காலையில இறங்குன வாளி மேல ஏறவே இல்ல. யார்கிட்ட சொன்னாலும் உன் வேலையப் பாருங்கறாங்க. நீங்களாவது எதாவது பண்ணுங்கம்மா."

"உங்க வருத்தம் புரியுதுங்க. மேல சொல்லிடறேன். கவலப்படாதீங்க, அடுத்த வாரம் வேற கதை வந்துரும்."

எதிர்முனை கொஞ்ச நேரம் பேசவில்லை. தூரத்தில் யாரோ ஒரு பெண் மைக்கில் எதையோ சொல்வது கேட்டது. ஏதோ விளம்பரம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரமா?" என்றது அந்தக் குரல். "அது வரைக்கும் தாங்குமாம்மா?"

அக்கா சிரித்தாள். "தாங்கணுங்க. வேற வழி?"

போன் வைக்கப்பட்டது. அவள் எழுதினாள்: 'பச்சை வாளி இறங்கியது, மேலே ஏறவில்லை. அந்தம்மாவைக் காப்பாற்றச் சொல்லி மிகவும் வருந்தினார்.' புகார் கட்டத்தில் குறி போட்டாள். நம்பர் வாங்கவில்லை. பதின்மூன்றாவது போன் அடித்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்தத் தாள்களை எல்லாரும் கூடி உட்கார்ந்து படிப்பார்கள். படிப்பது கதை எழுதுகிற இளைஞன். வாரம் ஒருவரைக் கொல்கிறவன் என்பதால் அவனுக்கு அலுவலகத்தில் எமன் என்று பெயர். ஆள் பார்க்க எமன் மாதிரி இருக்க மாட்டான். ஒரு கையால் தூக்கிவிடலாம். திட்டுகள் என்றால் அவனுக்கு வெல்லக்கட்டி. ஒவ்வொன்றையும் அந்தந்த ஆள் குரலிலேயே படித்துக் காட்டுவான், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அக்கா ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டே கேட்பாள்.

பன்னிரண்டாவது தாளை எடுத்தான். அழுகிற குரலில் படித்தான். சிரிப்பு எழுந்தது. அவன் மட்டும் இன்னொரு முறை தாளைப் பார்த்தான்.

"அக்கா, இது எந்தக் காட்சி?"

"அதான் தம்பி, ஜன்னல் வழியா அந்தம்மா வாளி இறக்குவாங்களே."

"நேத்து கதையில வாளியே இல்லக்கா."

"இருந்துச்சே. பச்சை வாளி."

"அக்கா, அந்த ரூமுக்கு ஜன்னலே கிடையாது. ஜன்னல் இல்லாத ரூம்ங்கறதுதான் கதையே."

"எமா, நீ எழுதாத சீனுக்கும் திட்டு வாங்கறியேடா" என்று யாரோ சொன்னார்கள். ஒருவர் சிரித்தார். பிறகு அவரும் நிறுத்திவிட்டார்.

அக்காவின் கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்து புடவை நனைந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. அவள் காதில் ஒரே ஒரு வாக்கியம்தான் ஓடியது. அது அந்தப் பெண் சொன்னதல்ல. அவளே சொன்னது. தாங்கணுங்க, வேற வழி? அதைச் சொல்லும்போது தான் சிரித்ததும் கேட்டது.

"மூணு நாள்னு சொன்னா. அது நேத்து" என்றாள். "இன்னைக்கு நாலு."

எமன் போலீஸுக்குப் போன் போட்டான். எந்தச் சேனல் என்று சொன்னதும் எதிர்முனையில் இருந்தவர் பெருமூச்சு விட்டார். போன வருடம் இதே தொடருக்கு விளம்பரம் என்று ஒரு பொம்மையைச் சாக்கில் கட்டிப் பேருந்து நிறுத்தத்தில் போட்டிருந்தார்கள். பாதி ஸ்டேஷன் ஓடி வந்தது. "மறுபடியும் பொம்மையா தம்பி? இந்தத் தடவ தலையாவது இருக்கா?" என்றார். "நிஜங்க" என்றான் எமன். "எந்த வீடு, எந்தத் தெரு?" எமன் அக்காவைப் பார்த்தான். அவளிடம் என்ன இருக்கிறது? நம்பர் இல்லை, பெயர் இல்லை. குறி போட்ட ஒரு தாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் போனை முதலிலிருந்து மறுபடி கேட்டாள். மூச்சு, படிக்கட்டில் பேசுவது போல ஓர் எதிரொலி. நடுவில் அந்த மௌனம். மௌனத்தில் மைக்கில் ஒரு பெண். என்ன சொன்னாள்? 'வண்டியைப் பூட்டிவிட்டீர்களா? ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.'

தன் குரல் தனக்குச் சட்டென்று அடையாளம் தெரியாது. அதுவும் ஆறு வருடத்துக்கு முன் பதிவு செய்தது.

"அது நான்தான்" என்றாள். "ஜவுளிக்கடை. வண்டி நிறுத்தற இடத்துல நாள் பூரா ஓடும். கிளம்பு தம்பி."

எமனின் ஸ்கூட்டரில் போக இருபது நிமிடம் ஆயிற்று. கடைக்குப் பின்னால், வண்டிகள் நிற்கும் இடத்தை ஒட்டி நாலு மாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. ஒலிபெருக்கியில் அவளுடைய குரலே அவளை வரவேற்றது: வண்டியைப் பூட்டிவிட்டீர்களா? எமன் பூட்டாமலே இறங்கி ஓடினான். கட்டிடத்தின் பின்பக்கம், மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து கிழிந்த போர்வைத் துண்டுகளை முடிந்து கட்டிய கயிறு ஒன்று தொங்கியது. கயிற்றின் முனையில், தரைக்கு ஒரு முழம் மேலே, பச்சை வாளி. வாளிக்குள் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ரொட்டிப் பொட்டலம். இரண்டும் தொடப்படவில்லை. ரொட்டியில் எறும்பு ஏறியிருந்தது.

படிக்கட்டில் ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். "இந்த மூணாவது மாடி வீடு..." என்று அக்கா வாயெடுத்ததுதான் தாமதம், அவள் துடைக்கிற துணியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்கதான? தாங்கணும்னு சொன்னவங்க?"

அறை வாங்கியது போல அக்கா நின்றாள். "நான்தாம்மா" என்றாள்.

வீட்டுக்காரனும் அவன் மனைவியும் வெள்ளிக்கிழமை காலையில் வெளியூர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கூட இருந்த அத்தை, முப்பது வருடம் தபால்காரியாக வேலை பார்த்தவள், நானும் வருகிறேன் என்றிருக்கிறாள். சபையில் வாயைத் திறந்து எதையாவது சொல்லிவிடுவாள் என்று அண்ணன் மகனான அந்த வீட்டுக்காரன் சமையலறையையும் வெளிக்கதவையும் பூட்டிக்கொண்டு போய்விட்டான். அவளுடைய போனையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

"இந்தக் குடியிருப்பு செக்ரட்டரிகிட்ட சொன்னேன். குடும்ப விஷயம், மூக்க நீட்டாதன்னாரு. போலீஸ்கிட்ட போனா எனக்கு இங்க வேல இருக்காது. நேத்து ரெண்டாவது மாடி வீட்ல தொடச்சிட்டு இருந்தப்ப டிவியில அதே மாதிரி ஓடுச்சு, கீழ நம்பர் வந்துச்சு. இத எடுத்தவங்களுக்கு என்ன பண்ணணும்னு தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றாள் அந்தப் பெண்.

எமன் போலீஸுக்கு மறுபடி போன் போட்டு விலாசத்தைச் சொன்னான்.

செக்ரட்டரி வந்தார். சாவி இல்லாமல் கதவைத் திறந்தால் அதற்குப் பெயர் திருட்டு என்றார். வீட்டுக்காரர் நாளைக்கு வந்துவிடுவார், பொறுங்கள் என்றார். போலீஸ் வரட்டும் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா படிக்கட்டின் நடுவில் போய் நின்றாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பதினோரு வருடம் சொன்ன அதே நிதானத்தோடு, நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"கவனிக்கவும். மூன்றாவது மாடியில் ஒரு பெண்மணி நான்கு நாட்களாகக் காத்திருக்கிறார். அவருக்கு உரியவர்கள் யாராவது இருந்தால் உடனே வரவும்."

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. செக்ரட்டரியின் மனைவியே முதலில் இறங்கி வந்தாள். இரண்டாவது மாடியிலிருந்து வெல்டிங் வேலை செய்கிற ஒருவர் கடப்பாரையோடு ஏறினார். மூன்றே அடியில் பூட்டு தெறித்தது.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய சேனல்தான். ஜன்னலுக்குக் கீழே தரையில் அந்த அத்தை கிடந்தாள். ஒரு கால் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. கயிற்றின் இன்னொரு முனையை மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். அக்கா மண்டியிட்டு அவள் மூக்கருகே கையை வைத்தாள். மூச்சு சூடாக வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, காயத்தைப் பார்த்து அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பாட்டில் மூடியால் தண்ணீர் விட்டார்கள். மூன்று மூடி இறங்கிய பிறகு அந்த அம்மாள் கண்ணைத் திறந்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "யார் நீங்க?" என்றாள். டிவியிலிருந்து வருகிறோம் என்று எமன் சொல்லிவிட்டான். சொல்லியிருக்க வேண்டாம்.

"நேத்து கதை பாத்தேன்" என்றாள் அவள். நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தை வார்த்தையாக வந்தது. "விழுந்து கெடந்தே பாத்தேன். தப்பா எடுத்திருக்கீங்க. உள்ள இருக்கற பொம்பள கத்தவே இல்ல. கத்துவா. நான் கத்துனேன்."

கடப்பாரையைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே வைத்தார். "கேட்டுச்சு" என்றார். "எனக்குக் கேட்டுச்சுங்க. கதையிலதான் கத்தறாங்கன்னு நெனச்சேன். பசங்களுக்கு வசனம் கேக்கலன்னு டிவி சத்தத்தக் கூட்டி வச்சேன்."

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டிவியை யாரோ அணைத்தார்கள்.

ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸும் வந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது, உயிருக்கு ஆபத்து இல்லை, இன்னும் ஒரு நாள் தாண்டியிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அண்ணன் மகன் கல்யாண உடுப்போடு நேராக ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தான். அக்காவின் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். "அந்த மாமியார் கதைக்கு நான் எப்படிச் சிரிச்சேன் தெரியுமா?" என்றார். சோறு இறங்கவில்லை அவருக்கு.

மேனேஜருக்கு இறங்கியது. செவ்வாய்க்கிழமை அவர் இருவரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். "எமா, இதையே அடுத்த கதையாக்கிடு. அந்த வாளி இருக்கே, அபாரம்! யாராலயும் யோசிக்க முடியாது" என்றார். எமன் எழுந்து வெளியே போய்விட்டான். அக்கா போகவில்லை.

"இனிமே எல்லார்கிட்டயும் நம்பர் வாங்குவேன் சார். புகாரா இருந்தாலும்."

"சாயங்காலத்துக்குள்ள நாப்பது போன் வருது. அதுக்கெல்லாம் ஏதுக்கா நேரம்?"

"நேரம் இல்லன்னா வேற ஆள் பாத்துக்குங்க. என் குரலப் பதிவு பண்ணி அதையே போட்டுக்குங்க. 'அடுத்த வாரம் வேற கதை வந்துரும்'னு நாள் பூரா சொல்லும்."

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, சரி என்பது போலக் கையை அசைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று ஒன்றுக்குப் போன் அடித்தது. அவள் புதிதாக ஒரு கேள்வி வைத்திருந்தாள். யார் என்ன சொன்னாலும் முதலில் அதைத்தான் கேட்டாள்: "இது டிவியில நடந்ததா, உங்க வீட்ல நடந்ததா?"

கணக்கு வாத்தியார் கோபித்துக்கொண்டார். "என்னம்மா கேள்வி இது? என் வீட்ல பொணமா இருக்கு?" என்றார். "இல்லன்னு சொல்லிட்டீங்கல்ல, அது போதுங்க" என்று எழுதிக்கொண்டாள். பல் டாக்டர் சிரித்தார். மூன்றாமவர் திட்டினார். அவள் எல்லாருடைய நம்பரையும் வாங்கினாள்.

ஏழாவது போனில் அந்த மெல்லிய குரல். "இது சிரிக்கறதுக்கா எடுத்தது? எங்க வீட்டுக்காரர்..."

"சிரிக்கறாருன்னு சொல்வீங்க. தெரியும்மா. எதப் பாத்துச் சிரிக்கறாரு? டிவியிலயா, வீட்லயா?"

வழக்கம்போல வைத்துவிடுவாள் என்று அக்கா காத்திருந்தாள். வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அவளுக்குப் பின்னால் எங்கோ ஒரு ஆண் சிரித்தான். அவன் சிரித்த நேரத்தில் திரையில் விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும்.

பக்கத்துப் போனும் அடிக்க ஆரம்பித்தது. அவள் அதன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தாள். தாளைத் திருப்பிப் போட்டு, எந்தக் கட்டமும் இல்லாத பின்பக்கத்தில் பேனாவை ஊன்றினாள்.

"நான் வைக்க மாட்டேன்" என்றாள், குழந்தையைத் தொலைத்தவர்களிடம் பேசுகிற அந்தக் குரலில். "நீங்களும் வைக்காதீங்க. மெதுவா நம்பர் சொல்லுங்க."